போகருக்குச் சீன பாஸ்போர்ட் எடுத்துக் கொடுப்பவர்கள்

போன வைகாசியில் தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். காப்பித் தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியில் ஏழு குடில்கள் போட்டு வாடகைக்கு விடுகிறார். வாசலில் ‘போகர் தியான வனம்’ என்று பலகை. பலகையில் தொங்குமீசையும் அகலக்கை அங்கியுமாக ஒரு கிழவர் எருமை மேல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பழனி மலைக்கோயில். லாவோ ட்சு எருமையேறி மேற்கே போகும் சீன ஓவியம் ஒன்றை யாரோ கூகுளில் எடுத்து, பின்னணியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

குடில்களுக்கு நடுவே நடைபாதை. பெரிய பெரிய பலகைக்கற்களைப் படுக்கப் போட்டிருந்தது. அதில் ஒன்றை மட்டும் ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். நடுவில் வட்டமாக ஒரு துளை. துளைக்குள் பைப்பை விட்டு, குழாய் மாட்டி, செடிக்குத் தண்ணி பிடிக்க வசதி செய்திருந்தது. எனக்குப் பக்கென்றது.

“அண்ணே, இந்தக் கல்லு எங்க கெடச்சுச்சு?”

“மேல காட்டுல குள்ளர் வீடு இருந்துச்சுல்ல, சின்ன வயசுல போயி ஒளிஞ்சு வெளயாடுவோமே, அதுதான்டா. சும்மாதான கெடக்குன்னு ஜேசிபி வச்சு எறக்கிட்டேன்.”

“உள்ள எதுவும் இருந்துச்சா?”

“ஒடஞ்ச சட்டி, துருப்புடிச்ச இரும்பு. பயலுக ஓடையில கொட்டிட்டானுக.”

சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அரை மணி நேரம் போகர் ஒரு சீனாக்காரர் என்பதற்கான ‘ஆதாரங்களை’ எனக்கு விளக்கினார். எல்லாம் யூட்யூபில் பார்த்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. படிக்காதவரும் இல்லை, பி.காம். ஆனால் சீனாவுக்கும் பழனிக்கும் என்ன தொடர்பு என்பதில் அவருக்கு இருந்த ஆர்வத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, தன் தோட்டத்திலேயே இரண்டாயிரம் வருஷமாக நின்றுகொண்டிருந்த ஈமச்சின்னத்தின் மேல் இல்லை. இந்தக் கட்டுரை அவர்மேல் உள்ள கோபத்தில் எழுதுவதுதான். ஆனால் கோபம் அவரோடு நிற்கவில்லை.

முதலில் அந்த ஆதாரங்களைப் பார்த்துவிடலாம். லாவோ ட்சுவுக்கு ‘போ யாங்’ என்று ஒரு பெயர் சீன மரபில் உண்டு. போ யாங், போகர். அவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றுமே இல்லை. லாவோ ட்சு யார் என்பதைப் பற்றி நமக்குக் கிடைக்கிற பழைய வாழ்க்கைக் குறிப்பு சிமா சியான் எழுதியது. அவர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு முடிந்து முதல் நூற்றாண்டு தொடங்கும் காலத்துக்காரர், ஹான் அரசவையின் வரலாற்று ஆசிரியர், அரண்மனை ஆவணங்கள் முழுக்க அவர் கையில். அவரே இன்னார்தான் லாவோ ட்சு என்று உறுதியாகச் சொல்ல முடியாமல், இவராக இருக்கலாம், அவராகவும் இருக்கலாம் என்று இரண்டு மூன்று பேரைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். இரண்டாயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் சீனாவிலேயே உட்கார்ந்திருந்த ஆளுக்குத் தெரியாத விலாசம், அடிவாரத்தில் ரிங் லைட் வைத்துப் பேசுகிற தம்பிக்குத் தெரிந்திருக்கிறது!

இன்னொரு கோஷ்டி கொஞ்சம் படித்த கோஷ்டி. லாவோ ட்சு இல்லை, ‘வெய் போயாங்’ என்ற ரசவாதிதான் போகர் என்பார்கள். வெய் போயாங் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று சீன மரபு சொல்கிறது. பாதரசம், ஈயம் என்று எழுதியவர். போகரும் பாஷாணம், பாதரசம் என்று பேசுபவர். ஆகவே இருவரும் ஒருவரே. இந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் தெருவில் நகை உருக்கும் ஆசாரியும் ஐசக் நியூட்டனும் ஒருவரே. நியூட்டனும் ரசவாதம் பார்த்தவர்தான்.

‘போகர் ஏழாயிரம்’ என்ற நூலில் சீனா போய் வந்த கதை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தப் பாட்டுகளின் தமிழையும் ஒரு சங்கப் பாட்டின் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த யாருக்கும் நடுவே எத்தனை நூற்றாண்டு ஓடியிருக்கிறது என்பது காதிலேயே கேட்கும்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் எழும். “நீங்க நாத்திகர், பழனியைக் கேவலப்படுத்துறீங்க.” எனக்கு முதல் முடி இறக்கியது பழனியில்தான். அம்மா உயிரோடு இருந்தவரை தைப்பூசத்துக்கு நடந்தே போனவள். மலைமேல் போகர் சமாதிக்குள் நுழைந்து நிற்கும்போது அந்தக் குளிர்ச்சியில் எனக்கு இப்போதும் பேச்சு வராது. பூம்பாறையில் குழந்தை வேலப்பரைப் பார்க்கும்போதும் அப்படித்தான். அந்தச் சிலையும் போகர் செய்தது என்று ஊரில் சொல்வார்கள். நானும் கைகூப்பிக்கொண்டே கேட்டுக்கொள்வேன். கதை எனக்குப் பிரச்சினையே இல்லை. தமிழ்ச் சித்த மரபு, ரசவித்தை தெரிந்த ஒருவரைக் கற்பனை செய்யும்போது ஏன் சீனத்தை நோக்கித் திரும்பியது? பாதரசமும் மருந்தும் கப்பலும் சேர்ந்த ஒரு தூரதேசமாக அது ஏன் நம் மனதில் பதிந்தது? இவை அருமையான கேள்விகள். அந்தக் கதையையே ஒரு தொல்பொருளாக எடுத்துக்கொண்டு, எந்த நூற்றாண்டு மண்ணடுக்கிலிருந்து அது வருகிறது, அதைப் பாடியவர்கள் யார், கேட்டவர்கள் யார் என்று தோண்டலாம். கதைக்கு ஆதார் கார்டும் பாஸ்போர்ட்டும் எடுத்துக் கொடுப்பவர்கள்தான் அந்தத் தோண்டலைச் செய்யவிடாமல் சிமென்ட் போட்டு மூடுகிறார்கள். அண்ணன் தோட்டத்தில் அது உண்மையிலேயே சிமென்ட்.

சரி, உண்மையான சீனா எங்கே இருக்கிறது?

தஞ்சாவூர் வயல்களில் இருக்கிறது. மன்னார்குடி வட்டம் தாலிக்கோட்டையில் ஒரே குவியலாக 1,822 சீனச் செப்புக்காசுகள். பட்டுக்கோட்டை வட்டம் ஒலையக்குன்னத்தில் 323, விக்கிரமத்தில் 20. நடுவில் சதுர ஓட்டை போட்ட, கயிற்றில் கோத்துவைக்கிற காசு. பெரும்பாலும் சோங் அரச காலத்தவை. 1077இல் சோழ நாட்டிலிருந்து வந்த 72 பேர் கொண்ட தூதுக்குழுவுக்கு 81,800 கயிறு செப்புக்காசு திருப்பிக் கொடுத்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. ஒரு கயிறு என்றால் பேச்சுக்கு ஆயிரம் காசு. அதே காசுதான் தாலிக்கோட்டைக்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ரிங் லைட் வாங்க வேண்டியதுதான். இரண்டு கரையிலும் இரண்டு தனித்தனிச் சாட்சிகள் நிற்கின்றன. நடுவில் கடல். அந்தக் கடலை எப்படிக் கடப்பது என்று யோசிப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி.

ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் இருக்கிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் ஆராய்ந்த அந்த ஓடுகள் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள். இலைப்பச்சை மெருகு போட்ட லோங்சுவான் தட்டு, தெஹுவா வெள்ளை, ஜிங்தெஜென் நீலவெள்ளை. ஒவ்வொன்றும் எந்தச் சூளையில் வெந்தது என்று மண்ணையும் மெருகையும் பார்த்துச் சொல்ல முடிகிறது. மரைக்காயர் கடற்கரையில் யாரோ ஒருவர் வீட்டில் சோறு போட்டுத் தின்று, கைதவறி உடைந்து, குப்பையில் விழுந்த தட்டு. எனக்கு லாவோ ட்சுவைவிட அந்தத் தட்டை உடைத்த பெண்ணைத்தான் பார்க்க ஆசை. வீட்டில் என்ன திட்டு வாங்கியிருப்பாள்! ‘பீங்கான்’ என்ற சொல்லையே பாருங்கள், அது பாரசீகத்திலிருந்து வந்தது. சரக்கு சீனத்தது, பெயர் பாரசீக வணிகன் வைத்தது, கழுவிக் கவிழ்த்தது தமிழ்ப் பெண். நம் அடுப்பங்கரைச் சீனச்சட்டியை மறந்துவிட்டு விமானத்தில் போன சித்தரைத் தேடுகிறோம்.

இலங்கையில் காலி நகரில் கிடைத்த கல்லில் இருக்கிறது. செங் ஹ 1409இல் சீனத்தில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த கல். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவின் பேரிலும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல். மிங் பேரரசன் இந்தியப் பெருங்கடலில் தன் பேச்சு எடுபட வேண்டுமானால் தமிழில் எழுத வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பெருமைப்பட ஆசையா? இதோ, கல்லிலேயே வெட்டிவைத்த பெருமை. இந்தக் கல் 1911இல் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு தெருமதகின் மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்தில். அதன் மேல் எத்தனை மாட்டுவண்டி போயிருக்குமோ. இந்தப் பக்கம் சீனத் துறைமுகம் சுவான்சோவில், 1281இல் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் சிவனுக்குக் கோயில் எடுத்த தமிழ்க் கல்வெட்டு. கடைசியில் ஒரு வரி சீனம்.

பழனிக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்கலாம். பழனிக்குத்தான் இருப்பதிலேயே சுவையான விஷயம் இருக்கிறது, ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

பழனியிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் பொருந்தல். 2009லும் 2010லும் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அங்கே தோண்டினார். ஒரு கல்லறையில் நான்கு கால் வைத்த ஜாடி, அதற்குள் சுமார் இரண்டு கிலோ நெல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் கி.மு. 490 என்று காலம் வந்தது. கூடவே ‘வய்ர’ என்று தமிழி எழுத்து பொறித்த ஜாடித் தாங்கி. ஊர் மேட்டிலோ ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகள், மணி செய்யும் உலை. வடக்கே போனால் காங்கேயம் பக்கம் படியூர், அங்கே பச்சைக்கல் வெட்டினார்கள். அதற்கும் வடக்கே கொடுமணல், கல்மணி பட்டறைகளின் ஊர்.

இப்போது சீனாவுக்குப் போவோம். முதல் நூற்றாண்டில் பான் கு எழுதிய ‘ஹான் ஷு’ தெற்குக் கடலில் ‘ஹுவாங்ஜி’ என்று ஒரு நாட்டைச் சொல்கிறது. அது காஞ்சிதான் என்று பலர் சொன்னார்கள், மறுப்பவர்களும் உண்டு. அங்கிருந்து கி.பி. 2இல் உயிரோடு ஒரு காண்டாமிருகம் அனுப்பினார்களாம் (எந்தக் கப்பலில், எப்படிக் கட்டி, தினம் என்ன தீனி போட்டு என்று நான் பல இரவு யோசித்ததுண்டு). சீனர்கள் பொன்னும் பட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். முத்தும் ‘பி-லியு-லி’யும் வாங்கி வந்தார்கள். இந்தப் பி-லியு-லி என்ன? பிராகிருதத்தில் ‘வேளுரிய’. நாம் வைடூரியம் என்பது. அந்தச் சொல்லின் வேரே தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்று என்ற கருத்தும் உண்டு. சீனத்தில் அது தேய்ந்து ‘லியுலி’ ஆகி, வண்ணக் கண்ணாடியையும், அப்புறம் மெருகேற்றிய கூரை ஓட்டையும் குறித்தது. பெய்ஜிங் அரண்மனையின் மஞ்சள் கூரை ஓட்டுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். ஹான் ஷு சொல்லும் கடல்வழி புறப்படுகிற ஹெப்பு துறைமுகத்தில், ஹான் காலக் கல்லறைகளிலிருந்து கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் ஏராளமாக வந்திருக்கின்றன. தென்னிந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைக்கும் அதே வகை மணிகள் அதில் உண்டு.

பொருந்தல் மணி ஹெப்பு போனது என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல இரண்டு பக்கத்து மணியையும் வேதியியல் பரிசோதனையில் வைத்துச் சோடாவும் அலுமினாவும் எத்தனை பங்கு என்று ஒப்பிட வேண்டும். ஆனால் அது கேட்கக்கூடிய கேள்வி, விடை கிடைக்கக்கூடிய கேள்வி. ஒரு நிபந்தனை: மணி எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எந்தச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். எடுத்த இடம் தெரியாத மணி வெறும் மணி. சாமி படத்துக்கு மாலை கட்டலாம். அண்ணனின் பயல்கள் ஓடையில் கொட்டிய சட்டிக்குள் என்ன இருந்ததென்று இனிமேல் எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. அது நெல்லா, மணியா, சாம்பலா?

இதையெல்லாம் புதிதாக யாரோ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் கொடுமை. இந்தப் பழனி மலையின் கல்திட்டைகளையும் கற்பதுக்கைகளையும் ஏறி இறங்கி அளந்து, வரைந்து, ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் 1928லேயே புத்தகம் போட்டார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் 36ஆவது நினைவேடாக வந்தது. கொடைக்கானல் செண்பகனூர் அருங்காட்சியகத்தில் அந்தத் தேடலின் பொருள்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பாடம்பண்ணிய காட்டெருமையோடு செல்ஃபி எடுத்துக்கொள்ளும் கூட்டம், பானைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டு தடவையும் அந்த அலமாரி முன்னால் நான் மட்டும்.

செண்பகனூர் சேசு சபையாருடையது. அதே சபையின் இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் வெள்ளைக்காரப் பாதிரிக்கு வால்பிடிக்கிறேன் என்பீர்கள். நாகப்பட்டினத்தில் கடலோரமாக மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், கப்பல்காரர்கள் சீனக் கோயில் என்றார்கள். 1846இல் வால்டர் எலியட் அதை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் இந்தக் கரையில் ஒரு கோபுரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் சீன எழுத்தில் 1267ஆம் ஆண்டுக்குச் சமமான தேதி பொறித்திருந்ததாம். இரண்டும் ஒன்றே என்று பலர் கருதுகிறார்கள். ஒன்றுதானா என்று போய்ப் பார்த்துவிடலாமே? முடியாது. நாகப்பட்டினத்தில் கல்லூரி நடத்திவந்த சேசு சபையார் அந்தச் செங்கல் வேண்டும் என்று 1859இல் கேட்டார்கள். 1867இல் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. இடித்தார்கள். அந்தக் கல்லூரியே 1883இல் திருச்சிக்கு மாறிப் போய்விட்டது என்பது தனிச் சோகம். அந்த வட்டாரத்தில் 1856 முதல் கிடைத்த புத்தர் செப்புப் படிமங்கள் மட்டும் 350 அளவுக்கு.

ஒரே சபை. ஓரிடத்தில் கோபுரத்தைச் செங்கல்லாகப் பார்த்தது. அறுபது வருஷம் கழித்து இன்னோரிடத்தில் செடிகொடிக்குள் கிடந்த கல்லைக் கல்லறையாகப் பார்த்தது. இடித்தவர்களுக்குச் சீனா மேல் பகை ஒன்றும் இல்லை. அவர்களுக்குச் செங்கல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எங்கள் அண்ணனுக்கு நடைபாதைக்குக் கல் தேவைப்பட்டது. ஒரு வித்தியாசம் உண்டு: அந்தப் பாதிரிகள் இடித்த இடத்தில் ‘சீன ஞானி தங்கிய ஸ்தலம்’ என்று பலகை வைத்துக் காசு பார்க்கவில்லை.

ஆய்வாளர்கள் மேலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. தோண்டுகிறீர்கள், சரி. அறிக்கை வர எத்தனை வருஷம்? வந்தாலும் ஆங்கிலத்தில், நூலகத்தில், நூற்றுக்கணக்கான பக்கத்தில். தாலிக்கோட்டைக்காரருக்கு அவர் ஊரின் 1,822 காசைப் பற்றி அவர் மொழியில் ஒரு பத்துப் பக்கப் புத்தகம் கொடுத்திருக்கிறோமா? கொடுக்காத இடத்தில்தான் யூட்யூப் தம்பி வந்து உட்காருகிறார். 2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வந்தபோதும், 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் இளநீர் குடித்தபோதும் சீனத் தொடர்பு என்று தமிழ்நாடே பேசியது. இரண்டு வாரம். பிறகு அடுத்த படம், அடுத்த கூட்டணி. காசும் ஓடும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்றைக்குச் சாயங்காலம் ஓடைக்கு இறங்கிப் போய்த் தேடினேன். அட்டை கடித்ததுதான் மிச்சம் என்று திரும்பும்போது ஒரு ஓடு கிடைத்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கைக்குள் அடங்கும் அளவு. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதுவும் தப்புதான், தெரியும். புதையலாகக் கிடைத்த பழம்பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878லேயே சட்டம் இருக்கிறது. நாகப்பட்டினம் கோபுரம் போன கதையை எலியட் அச்சில் போட்டதும் அதே 1878தான். ஓட்டை ஒரு டப்பாவில் போட்டு, எந்த ஓடை, எந்த வளைவு, எந்தத் தேதி என்று துண்டுச்சீட்டு எழுதி வைத்தேன். அது இருந்த இடம் ஓடை இல்லை என்பதால் அந்தச் சீட்டுக்கும் பெரிய அர்த்தம் கிடையாது. வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்பதால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தள்ளிப்போடுகிறேன்.

போன வாரம் அவரே போன் பண்ணினார். குடிலில் தங்க வந்த மதுரைக் கல்லூரிப் பையன் ஒருவன் அந்தத் துளைக்கல்லைப் பார்த்துவிட்டு ஏதேதோ கேட்டானாம்.

“என்னடா தம்பி, அது பெரிய விஷயமா?”

“பெரிய விஷயம்தாண்ணே.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “குழாய வேற எடத்துல மாட்டச் சொல்லிருக்கேன்” என்றார். மேல் காட்டில் இன்னும் இரண்டு குள்ளர் வீடு இருக்கிறதாம். ஒன்று மூடுகல்லோடு அப்படியே இருக்கிறதாம். ஜேசிபிக்காரன் மறுபடி சனிக்கிழமை வருகிறான், அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போ என்கிறார்.